கேஸ் போயிடுச்சு சார்!

அரக்கோணம், மே மாதம். இதற்கு மேல் வர்ணனை வேண்டாம். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அப்பா ரூம் ஏ.சி. வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது.

எனக்கென்றால் மொட்டை மாடியில் ஒரு பாய் போதும். அப்பா பைபாஸ் செய்துகொண்டவர். "வெயில் காலத்துல உஷாரா இருங்க" என்று டாக்டர் சொன்னதற்காகவே தவணையில் வாங்கிய ஏ.சி. அது.

மெக்கானிக் வந்தார். அண்ணாந்து பார்த்தார். தொடக்கூட இல்லை.

"கேஸ் போயிடுச்சு சார். மூவாயிரம் ஆகும்."

"போன மே மாசமும் இதையேதானே சொன்னீங்க?"

"வருஷா வருஷம் போகும் சார்!"

இங்கேதான் என்னுள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற சமாச்சாரமில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, ரூமிலுள்ள சூட்டை வாரிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. (குளிர் நாடுகளில் இதையே திருப்பி ஓட்டி, வெளிச் சூட்டை வீட்டுக்குள் இழுக்கிறார்கள். பெயர் 'ஹீட் பம்ப்'.) ஆக, ஓபனிங் பேலன்ஸும் க்ளோசிங் பேலன்ஸும் டேலி ஆகணும். குறைந்தால் எங்கோ கையாடல்... அதாவது லீக்! அதை அடைக்காமல் கேஸ் ரொப்புவது, திருடனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் பணம் போடுகிற கதை.

"லீக் எங்கேன்னு காட்டுங்க. அடைச்சுட்டு ரொப்பலாம்" என்றேன். "சாயங்காலம் வரேன் சார்" என்று போனவர்தான்!

அப்பா மெள்ள வாயைத் திறந்தார். "காத்து ஒழுங்கா போகுதான்னு பார்த்தியா?"

அரக்கோணம் எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டயரானவர். "ரயில் இன்ஜினே ஃபில்டர் அடைச்சா சூடேறிடும்டா..."

ஏ.சி. மூடியைத் தூக்கி வலையை உருவினேன். வலையா அது? கம்பளி! குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தினேன். அடுத்து, மாடியில் அவுட்டோர் யூனிட். வெயில் படக்கூடாதே என்று அதைச் சுற்றிக் கோணி கட்டியிருந்தான் ஒரு புத்திசாலி. நான்தான்! சூட்டைக் கொட்டும் வாயையே கட்டிவிட்டால் பாவம், அது என்ன செய்யும்? கோணியை அவிழ்த்தேன். அரை மணியில் ரூம் ஜில்!

உங்கள் வீட்டிலும் மக்கர் பண்ணினால், போனை எடுக்குமுன் ரிமோட்டைப் பாருங்கள். 'ஃபேன்' மோடில் இருந்தால் குளிராது. விளக்கு மங்கி எரிகிறதா? வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது கம்ப்ரஸர் கிளம்பத் திணறும். உள்ளே தண்ணீர் சொட்டினால், பெரும்பாலும் ட்ரெய்ன் பைப்பில் அடைப்பு. காயிலில் ஐஸ் கட்டினால் ஸ்க்ரூ டிரைவரால் குத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் தானே உருகும். வலையைக் கழுவிய பிறகும் கட்டினால், அப்போது கேஸ் லீக்கைச் சந்தேகப்படலாம். அவுட்டோர் யூனிட்டைத் திறக்கிற வேலை மட்டும் வேண்டாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் அதிலுள்ள கெபாசிட்டர் ஷாக் அடிக்கும். அதற்குத் தெரிந்த மெக்கானிக்தான் வேண்டும்.

ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். "எத்தனை நாளாப்பா குளிரலை?"

"ஒரு வாரமாவே சுமார்தான்."

"சொல்லக்கூடாதா?"

"தவணையே இன்னும் முடியலை. மேல மேல செலவு வெக்க வேணாமேன்னுதான்..."

எனக்கு வார்த்தை வரவில்லை.

இப்போது பதினைந்து நாளுக்கொரு முறை வலையைக் கழுவுகிறேன். தினம் காலையில், ரயிலுக்கு ஓடுமுன், "ராத்திரி தூங்கினீங்களாப்பா?" என்றும் கேட்டுவிடுகிறேன்.