அச்சகப் பெயர் இல்லாத தாள்

1980களில் தூர்தர்ஷனில் ஜெர்மானியத் துப்பறியும் தொடர் ஒன்று வந்துகொண்டிருந்ததை வாசகர்களில் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். 'தி ஓல்ட் ஃபாக்ஸ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். கிழநரி என்று நாம் தமிழாக்கிக்கொண்டோம். மேற்கு ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி 1977இல் தொடங்கிய தொடர் அது. மியூனிக் நகரத்துக் கொலைப் பிரிவின் அதிகாரி கோஸ்டராகச் சீக்ஃப்ரீட் லோவிட்ஸ் என்னும் முதிய நடிகர் வந்தார். மழையில் நனைந்த தெருக்களும், பெரிய மாளிகைகளும், வாய் திறவாத மனிதர்களுமாகக் கதை நகரும். முடிவதற்குள் கொலையாளி அகப்பட்டுவிடுவான்.

விருதுநகரில் எம் பெரியத்தா வீட்டில்தான் அதை நாம் பார்த்தோம். இஷாத் தொழுகை முடித்துவந்த அத்தாவும் ஒருநாள் எம் அருகில் அமர்ந்தார்கள். ஆங்கிலம் அறியாதவர்களாதலால், திரையில் நடப்பதை நாமே சொல்லிக்கொண்டு வந்தோம். அன்றைய கதை முழுவதும் இப்போது நினைவில் இல்லை. பணக்காரர் ஒருவரின் பழைய இரகசியம் இன்னொருவன் கைக்குச் சிக்குகிறது. அவன் பணம் கேட்டு மிரட்டுகிறான். பிறகு மிரட்டியவனே பிணமாகக் கிடக்கிறான். இவ்வளவைச் சொன்னதும் அத்தா, "அட, நம்ம லட்சுமிகாந்தன் கதையால்ல இருக்கு" என்றார்கள். கோஸ்டர் கொலையாளியைக் கண்டுபிடித்து, படமும் முடிந்தது. "பரவாயில்லையே! ஒரு மணி நேரத்துல ஆளைப் பிடிச்சிட்டான். லட்சுமிகாந்தனைக் குத்துனது யாருன்னு நமக்கு இன்னும் தெரியலையே" என்று சொல்லிவிட்டு, அத்தா நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள்.

அந்த வழக்கை இளைய தலைமுறையினருக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சி. என். லட்சுமிகாந்தன் பொய்ப் பத்திரம் புனைந்த குற்றத்திற்காகச் சிறை சென்று மீண்டவர். சென்னையில் 'சினிமா தூது' என்னும் இதழை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்று சொல்லப்பட்டவை அதில் பச்சையாக வெளிவந்தன. எழுதாமல் இருப்பதற்கும் விலை உண்டு என்பது திரையுலகம் முழுவதும் அறிந்த செய்தியாக இருந்தது. உலகப் போர்க்காலமாதலால் காகிதத்திற்கும் பத்திரிகைக்கும் உரிமம் தேவைப்பட்டது. எம். கே. தியாகராஜ பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும், கோவைப் பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து அவ்விதழின் உரிமத்தை இரத்துச் செய்வித்தனர். அவரோ 'இந்து நேசன்' என்னும் வேறொரு இதழைக் கைப்பற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8ஆம் நாள், வேப்பேரியில் தம் வழக்கறிஞர் நண்பரைப் பார்த்துவிட்டுக் கை ரிக்ஷாவில் திரும்பும்போது லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். சில வாரங்களில் பாகவதரும், கிருஷ்ணனும், நாயுடுவும் கைதாயினர். கொலைச் சதி என்பது குற்றச்சாட்டு.

அந்தத் தீபாவளிக்குத்தான் பாகவதரின் 'ஹரிதாஸ்' வெளியாகியிருந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது என்பார்கள். எங்கள் பகுதியிலும் காலத்தைத் தீபாவளியால் எண்ணும் வழக்கம் உண்டு. பட்டாசு செய்வோர்க்கு ஆண்டு முடிவதும் பிறப்பதும் அன்றுதானே! ஆக, திரையில் பாகவதர் பாட, பாடியவர் சிறையில் இருந்தார். 1945 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடுவர் குழுவின் பெரும்பான்மை முடிவுப்படி பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாயுடு விடுதலையானார். மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்குத் திரும்பிவந்தது. வி. எல். எத்திராஜ் வாதாட, நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் இருவரும் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தனர். இந்த ஷஹாபுத்தீன் சாகிப்தான் 1960இல் சில நாள்கள் மட்டும் பாகிஸ்தானின் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

கலைவாணர் மீண்டும் எழுந்தார். சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் செய்தார். பாகவதருக்கு அது இயலவில்லை. விடுதலைக்குப் பின் வந்த படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள் அவர் காலமானார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன பின்பும், 'அந்தக் கொலை வழக்குப் பாகவதர்' என்று சொல்லிய நாக்குகளை நாமே கேட்டிருக்கிறோம். குத்தியவன் யாரென்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

இனி, அத்தா அன்று மௌனமானதன் காரணத்திற்கு வருவோம். அதை அறிய எமக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின.

அத்தா 1930இல் பிறந்தவர்கள். இந்து நேசன் வந்தபோது வயது பதினான்கு. எங்கள் தெரு முடிதிருத்தும் கடையில் ஒருவர் உரக்க வாசிக்க, பெரியவர்கள் சுற்றிநின்று கேட்பார்களாம். "ச்சீ, என்ன எழுத்து இது" என்று சொல்லிக்கொண்டே கேட்பார்களாம். வாசித்து முடித்த தாள் அடுத்த கடைக்குப் போகும். அத்தாவும் கூட்டத்தில் நின்று கேட்டவர்கள்தாம். எழுத்தின் மீது ஆசை வந்ததே அந்தக் கடையில்தான் என்று பின்னாளில் சொல்லி வருந்தினார்கள்.

சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்த விதம் வாசகர் அறிந்ததே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும்; பட்டாசு வந்தபோது அதற்கும் லேபிள் வேண்டும்; அதற்காக வந்த அச்சு இயந்திரங்கள் பின்பு நாட்காட்டியும் நாட்குறிப்பும் நாடு முழுமைக்கும் அடித்துத் தந்தன. மருந்தும் திரியும் ஒரு பக்கம், மையும் காகிதமும் ஒரு பக்கம் என்று ஊர் இரண்டாய் உழைத்தது. அத்தா அங்கே ஒரு சிறு அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தார்கள். விருதுநகரிலிருந்து தென்காசி வண்டியில் காலையில் ஏறினால் இரவில் வீடு வருவார்கள். விரல் நுனிகளில் ஈயக் கருமை ஏறியிருக்கும். எவ்வளவு ஒளூச் செய்தும் முழுதும் போகாது.

1961இல் ஒருநாள் முதலாளி ஒரு கையெழுத்துத் தாளைக் கொடுத்து, "இதைக் கோத்து ரெண்டே ரெண்டு புரூஃப் மட்டும் எடும்" என்றாராம். விருதுநகரில் வற்றல் கமிஷன் மண்டி வைத்திருந்த ஒருவரைப் பற்றிய நோட்டீஸ் அது. எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். அத்தாவுக்குப் பள்ளிவாசலில் ஸலாம் சொல்லும் பழக்கம் உள்ளவர். எடை மோசடி என்று தொடங்கி, வீட்டுப் பெண்ணின் பெயரையும் இழுத்திருந்தது. அத்தா திகைத்து நின்றிருக்கிறார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஸ்டிக்கைக் கையில் எடுத்து, எழுத்தெழுத்தாகக் கோத்துவிட்டார்கள்.

1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம், அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்கவேண்டும் என்று விதித்திருந்தது. அந்த ஒரு வரியைப் போடட்டுமா என்று அத்தா கேட்டதற்கு, வேண்டாம் என்று பதில் வந்தது. அச்சகப் பெயரும் எழுதியவர் பெயரும் இல்லாத இத்தகைய தாளுக்குத்தான் எங்கள் பக்கத்தில் மொட்டை நோட்டீஸ் என்று பெயர்.

இரண்டு புரூஃப் எதற்கு என்பது அப்போது அத்தாவுக்கு விளங்கவில்லை. கோத்த பாரத்தைக் கலைக்காமல் கயிறு கட்டி வைக்கச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து, ஐந்நூறு பிரதி ஓட்டுமாறு உத்தரவு வந்தது. அப்போதுதான் விளங்கிற்று. ஒரு புரூஃப் மண்டிக்காரருக்குப் போயிருக்கிறது. தொகை கேட்டிருக்கிறார்கள். அவர் ஒருமுறை கொடுத்திருக்கிறார். மறுமுறை கேட்டபோது மறுத்திருக்கிறார். பட்டாசுக்காரர் பாஷையில் சொன்னால், திரியைக் கிள்ளி வைத்துக்கொண்டு பேரம் பேசியிருக்கிறார்கள்.

ஒரு ஜும்ஆ நாளின் விடியலில் அந்த ஐந்நூறும் தெருத் திண்ணைகளில் கிடந்தன. கொலை எதுவும் நடக்கவில்லை. ஆனால் நிச்சயமாகியிருந்த நிக்காஹ் ஒன்று நின்றது. மண்டிக்கு வற்றல் கொண்டுவரும் வண்டிகள் குறைந்தன. ஆறு மாதத்தில் அந்தக் குடும்பம் திண்டுக்கல் பக்கம் போய்விட்டது. எவரும் அவரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாளை மடித்து வீட்டிற்குள் கொண்டுபோகாதவரும் எவருமில்லை. அத்தா அந்த அச்சகத்தை விட்டு நின்று, லேபிள் அடிக்கும் வேறோர் இடத்திற்கு மாறிக்கொண்டார்கள். எங்களிடம் காரணம் சொல்லவில்லை.

1995இல் அத்தாவுக்கு ஹஜ்ஜுச் செய்யும் பேறு கிட்டியது. புறப்படுமுன் உற்றார் உறவினரிடமும் பகைவரிடமும் பொருத்தம் கேட்பது நம்மிடையே உள்ள வழக்கம். படைத்தவனிடம் செய்த பிழையை அவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் மன்னிக்கவேண்டும் என்பதை நாம் சிறு வயதிலேயே படித்தவர்கள். தெருவில் எல்லா வீடுகளுக்கும் போய்வந்த அத்தா, "திண்டுக்கல்லுக்கு ஒரு நடை போகணும், நீ கூட வா" என்றார்கள். பேருந்தில் போகும்போதுதான் மேலே சொன்ன யாவற்றையும் சொன்னார்கள். கேட்க எமக்குக் கூச்சமாக இருந்தது. கம்பாசிட்டர் கூலியாள்தானே, அவர் என்ன செய்வார் என்று சொல்லிப் பார்த்தோம். "கத்தி செய்றவன் அப்படிச் சொல்லலாம். நான் வாசிச்சுப் பார்த்துத்தானே கோத்தேன்" என்றார்கள்.

அவரை ஒரு சிறு பலசரக்குக் கடையில் கண்டோம். எழுபதைத் தாண்டியவர், கண்ணாடி தடிமன். அத்தாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சொன்னபின் எழுந்து ஸலாம் சொன்னார். தேநீர் வந்தது. அத்தா நின்றுகொண்டே பேசினார்கள்.

"அண்ணே, அந்த நோட்டீஸைக் கோத்தது நான்தான். ஹஜ்ஜுக்குப் போறேன். நீங்க பொருத்தம் குடுக்காம எனக்குப் போக மனசில்லை."

அவர் அத்தாவின் கைகளைப் பார்த்தார். நீண்ட நேரத்திற்குப் பிறகு, "தம்பி, எழுதிக் குடுத்தது யாரு?" என்றார்.

"தெரியாதுண்ணே. முதலாளியும் சொல்லலை, அவரும் மௌத்தாயிட்டார். கையெழுத்து மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"கையெழுத்து நினைப்பிருக்கா?"

கம்பாசிட்டருக்குக் கையெழுத்து மறக்காது என்றார்கள் அத்தா. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்பும், அந்த எழுத்தின் சாய்வும், 'ழ'வின் வாலை மேலே தூக்கிச் சுழிக்கும் விதமும் நினைவில் இருந்தன. பெரியவர் பொட்டலத் தாள் ஒன்றைக் கிழித்து, பென்சிலோடு நீட்டினார். அத்தா எம் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து, அதில் நாலைந்து எழுத்துகளை மெதுவாக வரைந்தார்கள்.

அவர் அதைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். உதடு அசைந்தது, பெயர் ஏதும் வெளியே வரவில்லை. தாளை நான்காய் மடித்துக் கல்லாப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"பொருத்தம்தான் தம்பி. போய்ட்டு வாங்க. எனக்கும் துஆச் செய்ங்க" என்றார்.