ஸ்வராஜ்யத் தீவு

"ஸ்வராஜ்யத்தில் நாலு நாள் தங்கிவிட்டு வந்தேன்" என்று நான் சொன்னால், எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரிய நண்பர்கள் விஷமமாகச் சிரிக்கிறார்கள். "அது எந்தப் பக்கம் இருக்கிறது? டிக்கட் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். ஆனால் இதில் பரிகாசத்துக்கு இடமே இல்லை. அந்தமான் தீவுக் கூட்டத்தில் அந்தப் பெயருடன் மெய்யாகவே ஒரு தீவு இருக்கிறது. டிக்கட்டும் கிடைக்கிறது.

2018-ஆம் ஆண்டின் இறுதி வரையில் அதற்கு ஹேவ்லாக் தீவு என்று பெயர். ஹென்றி ஹேவ்லாக் என்பவர் 1857-ஆம் வருஷத்துப் பெரும் போரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் படை நடத்திச் சென்ற ஆங்கிலத் தளபதி. அந்தப் போரில் தோற்றவர்களை 1858-இல் கப்பலேற்றி அந்தமானில் கொண்டுவந்து தள்ளினார்கள். ஜெயித்தவர்களின் பெயர்களை அங்குள்ள தீவுகளுக்குச் சூட்டினார்கள். பக்கத்திலுள்ள இன்னொரு தீவுக்கு நீல் என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டதும் சென்னைவாசிகளுக்கு ஒரு சங்கதி ஞாபகம் வர வேண்டும். மௌண்ட் ரோடில் நின்ற நீல் துரையின் சிலையை அகற்றக் கோரி 1927-இல் நம்மவர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937-இல் காங்கிரஸ் மந்திரிசபை ஏற்பட்ட பிறகுதான் அந்தச் சிலை மியூசியத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

மௌண்ட் ரோடை விட்டு நீல் துரை இறங்கியதற்கு எண்பத்தோரு வருஷம் கழித்தே அந்தமானில் அவருடைய பெயர் நீங்கிற்று. 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அவருடைய ஆஸாத் ஹிந்த் சர்க்கார் அந்தமானுக்கு 'ஷஹீத்' என்றும், நிகோபாருக்கு 'ஸ்வராஜ்' என்றும் பெயர் வைத்தது. அந்தக் கொடியேற்றத்தின் எழுபத்தைந்தாவது ஆண்டு நிறைவன்று நீல் தீவு ஷஹீத் தீவு ஆயிற்று; ஹேவ்லாக், ஸ்வராஜ் தீவு ஆயிற்று. பெயரை மாற்றுவது நல்ல காரியந்தான். ஆனால் பெயருக்குத் தகுந்தபடி நடந்துகொள்வது அதைவிடக் கஷ்டமான காரியம் என்பதை அங்கே போன பிறகு அறிந்தேன்.

பிரயாணம்

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். ஆகாய விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அரையாண்டு விடுமுறை சொற்பம் ஆகையால், நானும் என் மனைவியும் கல்லூரியில் படிக்கும் எங்கள் பெண்ணும் விமானத்தில்தான் போனோம். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். கடைத்தெருவில் தமிழ்க் குரல் தாராளமாகக் கேட்கிறது; இட்டிலிக்கும் காப்பிக்கும் பஞ்சமில்லை.

கடற்கரைச் சுகத்துக்காகப் போகிறவர்கள்கூட ஸெல்லுலர் சிறையைத் தரிசிக்காமல் மேலே போகக் கூடாது. 1896-இல் ஆரம்பித்து 1906-இல் கட்டி முடித்த சிறை அது. சக்கரத்தின் ஆரங்களைப் போல் ஏழு கட்டடங்கள் ஒரு கோபுரத்தைச் சுற்றி நின்றன. இப்போது மூன்றே எஞ்சியிருக்கின்றன. அறுநூற்றுக்கும் அதிகமான அறைகள். அறைக்கு ஒரே கைதி. ஒரு வரிசையின் முகப்பு அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதால், ஒருவர் முகத்தை மற்றொருவர் பார்க்க முடியாது. சிறையின் மேல் மாடியில் ஏறி நின்றால் சுற்றிலும் நீலக் கடல் ஜொலிக்கிறது. அத்தனை அழகான கடலையே சிறைச் சுவராக்கி வைத்திருந்தார்களே என்று எண்ணியபோது நெஞ்சு கனத்தது.

அங்கிருந்து வடகிழக்கே படகில் சுமார் இரண்டு மணி நேரம் சென்றால் ஸ்வராஜ் தீவு வருகிறது.

தீவும் ஜனங்களும்

2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் சிறு தீவு. கோவிந்த நகர், ராதா நகர், கிருஷ்ண நகர், சியாம் நகர் என்ற கிராமப் பெயர்களைக் கேட்டால் பிருந்தாவனத்துக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும். தேசப் பிரிவினையில் வீடு வாசலை இழந்து கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளை 1950-க்குப் பிறகு அங்கே குடியேற்றினார்கள். காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்கள் அவர்கள். இன்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் படகு ஓட்டுகிறார்கள். விடுதிகளில் வேலை செய்கிறார்கள். யாத்திரிகர்களுக்குக் கடலைக் காட்டிக் கொடுக்கிறார்கள்.

விடுதிகளில் பெரும்பாலானவை கீழ்க் கரையில் இருக்கின்றன. தென்னந்தோப்புக்குள் மூங்கிலும் மரமுமாகக் கட்டிய குடில்கள். திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே கடல். வற்றத்தின்போது அந்தக் கடல் வெகு தூரம் உள்வாங்கிவிடுகிறது. பாறைகளும் சேறும் தலை காட்டுகின்றன. குளிக்க வேண்டுமானால் ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். மேல் கரையிலுள்ள ராதா நகர்க் கடற்கரைக்கு இந்தச் சங்கடம் அவ்வளவாக இல்லை. மாவைச் சலித்துப் பரப்பினாற்போல் வெண்மணல். அதன் ஓரத்தில் வானை முட்டும் மரங்கள். 2004-இல் 'டைம்' பத்திரிகை இதை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதிய பிறகு ஜனங்கள் வந்து குவிகிறார்கள். அங்கே சூரியாஸ்தமனம் பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கடியாரம் இந்தியக் கடியாரம். தீவோ கிழக்கே வெகு தூரம். டிசம்பரில் மாலை ஐந்தேகால் மணிக்குள் சூரிய பகவான் விடைபெற்றுக்கொண்டு விடுகிறார்.

தண்ணீருக்குள் ஓர் உலகம்

மூன்றாம் நாள் காலை படகேறி யானைக் கடற்கரைக்குப் போனோம். முன் காலத்தில் மரம் இழுப்பதற்காக அந்தமானுக்கு யானைகளைக் கொண்டுவந்தார்கள். அவை தீவுக்குத் தீவு நீந்திச் செல்லவும் பழகின. அப்படி நீந்திப் பெயர் பெற்ற ராஜன் என்ற யானை 2016-இல் இந்தத் தீவிலேயே உயிர் நீத்தது.

யானை நீந்திய கடலில் நீந்தத் தெரியாத என்னையும் இறக்கினார்கள். இதற்கு 'ஸ்நார்க்கலிங்' என்று பெயர். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி ஒன்று; வாயில் கவ்விக்கொள்ள வளைந்த குழாய் ஒன்று. குழாயின் மேல் நுனி தண்ணீருக்கு வெளியே இருக்கும். அதன் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு குப்புற மிதக்க வேண்டியதுதான். எங்களை அழைத்துச் சென்ற வங்காளி இளைஞன் இறங்குவதற்கு முன் ஒரே ஒரு விதி சொன்னான்: "கண்ணால் பாருங்கள்; கையால் தொடாதீர்கள்; காலை ஊன்றாதீர்கள்." கர்ப்பக் கிருகத்து வாசலில் நிற்பவர்களுக்குச் சொல்வது போல் இருந்தது.

முகத்தைத் தண்ணீரில் வைத்த மாத்திரத்தில் உலகமே மாறிவிட்டது. ஊதாவும் பச்சையுமாகப் பவழச் செடிகள், கிளைத்தவை சில, மூளையைப் போல் உருண்டவை சில. அவற்றினிடையே மஞ்சள் பட்டை போட்ட மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. அலகு போன்ற வாயால் கிளி மீன்கள் பாறையைக் கொறிக்கும் 'கறுக், கறுக்' என்ற சப்தம் காதில் விழுந்தது. செடி என்று சொன்னேனே, உண்மையில் பவழம் செடியன்று. கோடானு கோடி நுண்ணிய பிராணிகள் கூடிக் கட்டும் குடியிருப்பு. ஒவ்வொரு பிராணியின் உடலிலும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கிறது. பிராணி அதற்கு வீடு கொடுக்கிறது. அந்தப் பாசிதான் பவழத்தின் வர்ணத்துக்கும் முக்கிய காரணம். உருண்டைப் பவழம் வருஷத்துக்கு ஒரு ஸென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். கிளி மீன் கொறித்து விழுங்கிக் கழிக்கும் பவழத் தூளும் இப்படிப்பட்ட கரைகளில் வெண்மணலாகச் சேர்கிறது. ஆகவே, கடலுக்குள் பவழம் இல்லையேல் கரையின் அழகும் நிலைக்காது.

சற்றுத் தூரம் போனதும் காட்சி மாறிற்று. சுடுகாட்டு எலும்புகளைப் போல் சாம்பல் நிறமான துண்டங்கள் அடியில் சிதறிக் கிடந்தன. அந்த இளைஞன் தலையைத் தூக்கி, "நான் சின்னப் பையனாக இருந்தபோது இங்கே மான் கொம்பு மாதிரி பவழம் நிறைய இருந்தது, பாபு" என்றான்.

இதற்குக் காரணங்கள் பல. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி பூகம்பமும் ஆழிப் பேரலையும் வந்தபோது வட அந்தமானில் கடலடி உயர்ந்து பவழம் வெயிலில் காய்ந்தது. நிகோபார்ப் பக்கம் நிலமே அமிழ்ந்தது. கடல் நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறினால், பவழப் பிராணி தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. சூடு விரைவில் தணியாவிட்டால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் அந்தமான் கடலில் இப்படி வெளுத்தது. பூகம்பத்தை யார் தடுக்க முடியும்? கடலின் சூட்டை ஒரு குடும்பத்தால் தணிக்கவும் முடியாது. ஆனால் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. எங்களிடமிருந்து பத்தடி தூரத்தில், வேறொரு கோஷ்டியைச் சேர்ந்த ஒருவர், புகைப்படத்துக்காகப் பவழத்தின் மேலேயே ஏறி நின்றார். இருபது, முப்பது வருஷ வளர்ச்சி ஒரு நிமிஷத்தில் முறிந்தது.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. 2001 முதல் பவழத்துக்குப் புலிக்குச் சமமான பாதுகாப்பு. செத்த பவழத்தையும் கிளிஞ்சலையும்கூட எடுத்து வரலாகாது. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கிறார்கள். நவராத்திரிக் கொலுவுக்கு ஆகுமென்று என் மனைவி ஆசையுடன் கையில் எடுத்த சங்கை, எங்கள் பெண் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இது காலி வீடு. ஒரு துறவி நண்டு குடி வரும்" என்று சொல்லி மணலிலேயே வைத்துவிட்டாள். ஆனால் 2019-இல் மட்டும் அந்தமானுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வந்தார்களாம். தண்ணீருக்குள் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு போலீஸ்காரர் நீந்தி வர முடியுமா?

நம்முடைய கரையிலேயே இதற்குப் படிப்பினை இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவழப் பாறைகளைப் பல காலம் பெயர்த்தெடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் இருந்த இருபத்தொரு தீவுகளில் இரண்டு இன்று கடலுக்குள் போய்விட்டன.

போகிறவர்களுக்கு

நவம்பர் முதல் ஏப்ரல் வரை போவதற்கு உகந்த காலம். முதலை உண்டு என்று பலகை போட்ட இடத்தில் தண்ணீரில் இறங்க வேண்டாம். உடம்பில் வெயில் தைலம் பூசிக்கொள்வதற்குப் பதில் நீண்ட கைச் சட்டை அணியுங்கள். சில தைலங்கள் பவழத்துக்கு விஷம். நல்ல தண்ணீருக்கு மழையையும் ஓடையையும் கிணற்றையும் நம்பிய தீவு அது; விடுதியில் காசு கொடுத்தாலும் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஸ்வராஜ்யம் என்பதற்குத் தன்னைத் தான் ஆளுதல் என்று மகாத்மா பொருள் சொன்னார். அந்நியன் நம்மை ஆண்ட காலத்தில் அதன் முதற் பாடத்தைச் சிறையில் கற்றோம். அதன் அடுத்த பாடம், யாரும் பார்க்காத இடத்திலும் கையை நீட்டாமல் இருப்பது. அந்தப் பாடத்தைக் கற்றவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அந்த ஊதா நிறப் பவழம் காணக் கிடைக்கும்.