தடி புரட்டும் கொக்கி

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையோரத்து மர மில். விழுவதும் தெரியாமல் நிற்பதும் தெரியாமல் ஆடிச் சாரல் பெய்துகொண்டிருந்தது. முற்றத்தில் கிடந்த ஒரு தேக்குத் தடியைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். யார் கையிலும் எதுவும் இல்லை, யாரும் தடியைத் தொடவும் இல்லை. மேஸ்திரி குனிந்து, தடிக்கு அடியில் மண் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்த்தார். நிற்க வேண்டிய இடத்தைச் செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தார். அதன் பிறகுதான் சுவரோரம் சாத்தியிருந்த கருவிகள் பக்கம் திரும்பினார்.

"தடி எங்க கெடக்கு, நாம எங்க நிக்கோம், ரெண்டையும் பாக்காம எதையும் கையில எடுக்கப்படாது சார்" என்றார்.

நான் அங்கே போனது பேண்ட்சா ரம்பம் ஓடுவதைப் பார்க்கத்தான். மர மில் என்றால் எல்லோர் கண்ணும் ரம்பத்தின் மேல்தான் போகும். ஆனால் ரம்பத்துக்கு முன்னால் தடியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களின் வேலை என்னைச் சுவரோரத்திலேயே நிறுத்திவிட்டது.

இந்த ஊருக்கு மரம் புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போகும் ரயில் பாதை 1904-இல் திறந்தது. கணவாய்க்கு அந்தப்புறத்து ரப்பர், அயினி, மகோகனி எல்லாம் இன்றைக்கும் லாரியேறி இந்தப்புறம் வருகின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தேக்கும் வருகிறது. பர்மாத் தேக்குத் தடி மட்டும் இப்போது வருவதில்லை. முழுத் தடியாக ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது.

முற்றத்தில் கிடந்த தடி 12 அடி நீளம், நடுவில் சுற்றளவு 5 அடி. மரக்கடைக் கணக்கில் சுற்றளவை நான்கால் வகுப்பார்கள். வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் அட்டவணை போட்டு அச்சிட்ட முறை அது. அதன்படி இந்தத் தடி 18.75 கன அடி. உண்மையில் உருளையின் கன அளவு 23.9 கன அடிக்குச் சற்றுக் குறைவு. அறுக்கும்போது போகும் கழிவை முன்கூட்டியே தள்ளிவிடும் கணக்கு என்பதால் வியாபாரத்துக்கு அது நியாயம். புரட்டுகிறவனுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. அவன் கை முழு 23.9-ஐயும் அசைத்தாக வேண்டும். ஓரளவு காய்ந்த தேக்கு என்றாலே அது அரை டன்னுக்குக் கொஞ்சம்தான் குறையும்.

சுவரோரம் மூன்று கடப்பாரைகள் இருந்தன. இரண்டு தட்டை முனை, ஒன்று கூர்முனை. பக்கத்தில் முட்டுக் கொடுக்கும் ஆப்புகள், தேங்காய் நார்க் கயிறு, துருவேறிய செயின் புல்லி. கடைசியாக, இதற்கு முன் நான் எந்த மில்லிலும் பார்க்காத ஒன்று. ஆள் மார்புயரக் கம்பு, அதன் கீழ்ப்பாதியில் ஆடும் ஓர் இரும்புக் கொக்கி.

தமிழ்நாட்டு மில்களில் பெரும்பாலும் கடப்பாரைதான் ராஜா. குழி தோண்டவும் அதுதான், கல் பெயர்க்கவும் அதுதான், தடி நகர்த்தவும் அதுதான். ஐந்தடிக் கடப்பாரையின் முனையிலிருந்து அரை அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து மறுமுனையை அழுத்தினால், கையின் பலம் ஒன்பது மடங்காகிறது. அதற்கு ஈடாக, கை மூன்றடி இறங்கினால் தடி எழும்புவது நான்கு அங்குலம். தடியை மண்ணிலிருந்து கிளப்ப, சங்கிலி நுழைய இடம் பண்ண, இதைவிட நல்ல கருவி கிடையாது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. எழும்பிய நான்கு அங்குலத்தை ஆப்பு வைத்துக் காப்பாற்ற வேண்டும். கடப்பாரையை உருவி, கட்டையை நகர்த்தி, மறுபடி குத்த வேண்டும். ஒவ்வொரு முறை உருவும்போதும் தடிக்கும் மனிதனுக்கும் நடுவில் இருப்பது அந்த ஆப்பு ஒன்றுதான்.

"கடப்பாரைக்குத் தூக்கத்தான் தெரியும், உருட்டத் தெரியாது" என்றார் மேஸ்திரி.

நால்வரில் மூத்தவருக்கு இடது தாடை கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. வேறொரு மில்லில் வேலை பார்த்தபோது நடந்ததாம். பட்டை உரித்த தடி, மழை நாள். கடப்பாரை முனை வழுக்கியது. தடி பின்னால் அமர, கையில் இருந்த முனை எகிறி முகத்தில் அடித்தது. இரண்டு மாதம் கஞ்சி மட்டும் குடித்தாராம். இதைச் சொல்லிவிட்டு, "அதுல இருந்து மழைன்னா நான் கம்பிக்கு நேரா குனிய மாட்டேன், பக்கவாட்டுலதான் நிப்பேன்" என்று நின்று காட்டினார். கடப்பாரை பிடிக்கும் எல்லோரும் முதலில் பழக வேண்டிய நிலை அது. பலரும் அடிபட்ட பிறகே பழகுகிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கொக்கிக் கம்பு இந்த மில்லுக்கு வந்ததற்கு நால்வரில் இளையவன் காரணம். அமெரிக்காவில் தடி உருட்டும் காட்சி ஒன்றைக் கைபேசியில் பார்த்திருக்கிறான். பழைய லாரிப் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லுப்பட்டறைக்குப் போனான். ஆசாரி அதைக் காய்ச்சி வளைத்துக் கொக்கியாக்கி, ஒரு வளையத்தில் கோத்து, இரும்புக் குழாயில் மாட்டிக் கொடுத்தார். அது வேலைக்கு ஆகவில்லை. வளையம் தளர்வாக இருந்ததால் கொக்கி நாலா பக்கமும் ஆடியது. ஒரு கையால் கம்பையும் மறு கையால் கொக்கியையும் பிடித்துக்கொண்டுதான் தடியில் மாட்ட வேண்டியிருந்தது. தடிக்குப் பக்கத்தில் இரண்டு கையும் சிக்கிக்கொள்ளும் கருவியை மேஸ்திரி ஒதுக்கி வைத்தார்.

இதே சிக்கலில் 1850-களில் வேறொரு ஊர் தவித்திருக்கிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பெனாப்ஸ்காட் ஆற்றோரம். காட்டில் வெட்டிய தடிகளை வசந்த கால வெள்ளத்தில் மிதக்கவிட்டு மில்களுக்கு ஓட்டி வருவார்கள். நடு ஆற்றில் தடிகள் ஒன்றோடொன்று சிக்கி அணைபோல நின்றுவிடும். அவற்றின் மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். அவர்கள் கையிலும் ஆடும் கொக்கி மாட்டிய கம்புதான் இருந்தது. ஸ்டில்வாட்டர் என்ற சிற்றூரின் கொல்லர் ஜோசப் பீவி, பாலத்துப் பலகை இடுக்கு வழியாக அவர்கள் படும் பாட்டைப் பார்த்தார் என்று அங்கே கதையாகச் சொல்வார்கள். அவர் செய்த மாற்றம் சின்னது. கொக்கியை மேலும் கீழும் மட்டும் அசையும்படி ஒரு பிடியில் பூட்டினார், கம்பின் நுனியில் கூரான இரும்பு முனையைப் பொருத்தினார். அந்தக் கருவிக்கு இன்றுவரை அவர் பெயர்தான். மேய்னில் ஆற்றில் தடி ஓட்டுவது 1976-இல் கென்னபெக் ஆற்றோடு முடிந்துவிட்டது. பீவி மட்டும் காட்டிலும் மில்லிலும் கையில் இருக்கிறது.

செங்கோட்டை ஆசாரிக்கு இந்தக் கதை தெரியாது. வளையம் ஆடுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்ததும் அவரும் அதையேதான் செய்தார். வளையத்தை எடுத்துவிட்டு இரண்டு காதுள்ள பட்டையைக் குழாயில் இறுக்கி, நடுவில் போல்ட் போட்டு, கொக்கி ஒரே தளத்தில் மட்டும் திரும்பும்படி செய்துவிட்டார். தேவை ஒன்றாக இருந்தால் இரும்பு எந்த ஊர்க் கொல்லன் கையிலும் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்கிறது. அந்த போல்ட்டை நான் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் பார்த்தது பீவி என்பதால் நுனியில் கூர்முனையும் வைத்திருந்தார்கள். அங்கேதான் கருவியைத் தேர்ந்தெடுப்பதன் நுட்பம் இருக்கிறது. ஆற்றில் அந்த முனைக்கு வேலை உண்டு. தடிகளுக்கு நடுவில் குத்தி நெம்பலாம், வழுக்கும்போது ஊன்றி நிற்கலாம். மில்லில் அதுவே இடைஞ்சல். தடியை ரம்பத்துக்குக் கொண்டுபோகும் ட்ராலியில் இரும்புச் சட்டங்களுக்கு இடையே போய்ச் செருகிக்கொள்ளும். தரையில் குத்தி நிற்கும். முக்கியமாக, ஒரு பக்கம் அறுத்துத் தட்டையான தடியை அடுத்த பக்கத்துக்குப் புரட்டும்போது கூர்முனைக்குப் பிடிமானமே கிடைக்காது. இதற்காகவே அமெரிக்க மில்களில் கேன்ட் ஹுக் என்ற வேறு கருவி உண்டு. முகம் அறுத்துச் சதுரமாக்கிய கட்டைக்கு அங்கே கேன்ட் என்று பெயர். அந்தக் கருவியில் கூர்முனைக்குப் பதில் தட்டையான ஒரு பல் இருக்கும். பல் இந்தப் பக்கத்து விளிம்பைக் கவ்வும், கொக்கி அந்தப் பக்கத்தைக் கவ்வும். கம்பை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடி இறுகும்.

இரண்டு நாள் தொல்லைப்பட்ட பிறகு மேஸ்திரியே கூர்முனையை அறுத்தெறியச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் விரற்கடை அகலத்தில் ஒரு பல்லை வெல்டிங் வைத்தார்கள். வளைந்துபோன குழாயைத் தூக்கிவிட்டுக் கருவேலங்கம்பு போட்டார்கள். சுவரோரம் இருந்தது அதுதான்.

இனி, தேக்குத் தடி. முதலில் கடப்பாரை போட்டு மண்ணிலிருந்து கிளப்பினார்கள். ட்ராலி வரை சாய்வாகக் கிடந்த இரண்டு நீளக் கட்டைகளின் மேல் தடி ஏறியதும், மேஸ்திரி கடப்பாரைகளை விலக்கச் சொன்னார். இளையவன் தடியின் பின்பக்கம் நின்று கொக்கியை மேலே போட்டான். அது பட்டைக்குள் இறங்கிய சத்தம் கேட்டது. கம்பைத் தோளோடு சேர்த்து முன்னால் தள்ளினான். தடி கால் சுற்றுத் திரும்பியது. ஐந்தடிச் சுற்றளவில் கால் சுற்று என்றால் ஒன்றேகால் அடி. கடப்பாரையில் நான்கு அங்குலம் எழுப்பப் பட்ட பாட்டைப் பார்த்த கண்ணுக்கு அது பெரும் தூரம். இன்னொருவர் உடனே ஆப்பைத் தள்ளினார். கொக்கி கழன்றது, மறுபடி மேலே போனது.

"ஏலே, கை மடக்காத. ஓடுச்சுன்னா விட்டுறணும், பிடிச்சுக்கிட்டு நிக்கப்படாது" என்று மேஸ்திரி ஒவ்வொரு முறையும் சொன்னார்.

கொக்கியாலும் ஆபத்து உண்டு. தடி திடீரென ஓடினால் கவ்விய கொக்கி கம்பையும் இழுத்துக்கொண்டு போகும். பிடியை விடாதவனைச் சேர்த்தே இழுக்கும். அதனால் தடி உருளக்கூடிய பக்கம் யாரும் நிற்பதில்லை, கம்பை உடம்போடு கட்டிப்பிடிப்பதில்லை. கருவி நல்லதா என்று பார்க்கும்போது, அது எவ்வளவு பலம் கொடுக்கிறது என்பதைவிட, கைவிட்டால் எங்கே போய் விழும் என்பதைத்தான் இவர்கள் முதலில் யோசிக்கிறார்கள்.

எல்லாத் தடிக்கும் இந்தக் கொக்கி ஒத்துவராது என்பதையும் அன்றே பார்த்தேன். மதியம் ரப்பர் தடி இறங்கியது. சுற்றளவு இரண்டரை அடி, மூன்றடிதான். கொக்கியின் வளைவு பெரிது, தடி சிறிது. முனை பட்டையில் இறங்காமல் அந்தப் பக்கம் தாண்டிப் போய்த் தொங்கியது. ரப்பருக்கு அவர்கள் எடுத்தது கோடரிக் காம்பில் பருந்து மூக்குபோல ஓர் இரும்பு. தடியின் தலைமாட்டில் கொத்தி இழுக்கலாம், குனிய வேண்டாம். ஜப்பானியர்கள் இதே சாயலில் உள்ள மரக்கொக்கிக்குப் பருந்தின் வாய் என்று பொருள்படும் தோபிகுச்சி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏடோ (இன்றைய டோக்கியோ) நகரத் தீயணைப்பாளர்கள் எரியும் வீட்டுக்கு அடுத்த வீட்டைப் பிரித்துப்போட அதைப் பயன்படுத்தினார்கள்.

ஓரத்தில் கிடந்த மகோகனிக்கு எந்தக் கம்பும் போதாது. அதற்குச் செயின் புல்லி. ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்ற பெயரே மேலிருந்து தேக்குத் தடிகளைச் சறுக்கிவிட்டதால் வந்தது. அங்கே அந்த எடைக்கு யானைகள் இருந்தன. இங்கே நாலு ஆளும் ஒரு சங்கிலியும்.

ரம்பத்துக்குப் புதுப் பட்டை வாங்கவும் அதைச் சாணை பிடிக்கவும் மில்காரர்கள் யோசிப்பதில்லை. தடி புரட்டும் கருவிக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் குறைவு. ஒரு பழைய லாரிப் பட்டை, ஒரு போல்ட், ஒரு கருவேலங்கம்பு, ஆசாரியின் அரைநாள் கூலி. இதற்குள் முடிகிற காரியத்துக்கு ஒருவரின் தாடை உடைந்திருக்கக் கூடாது.

மாலையில் தேக்கின் நான்காவது முகமும் அறுபட்டு, கட்டை சதுரமாக ட்ராலியில் கிடந்தது. மேஸ்திரி சாக்பீஸை எடுத்து, ரப்பர் தடி ஒன்றின் தலைமாட்டில் கொக்கியை வைத்து வளைவைக் கோடு போட்டார். பிறகு அந்தக் கோட்டுக்கு உள்ளே, இரண்டு விரல் குறைத்து இன்னொரு கோடு.

"இந்த அளவுக்கு ஒண்ணு அடிக்கச் சொல்லுலே" என்று இளையவனிடம் சொன்னார். அவன் கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டு, சாரலில் நனைந்தபடி பட்டறைக்குக் கிளம்பினான்.