பழி யாருக்கு?

கம்பளை–நுவரெலியா வீதியில் விபத்தொன்று நேர்ந்துவிட்டால் புசல்லாவைக் கடைவீதியில் முதலில் எழும் வினா, 'சாரதியா, வண்டியா?' என்பதே. 2025 மே 11 ஆம் நாள் விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கிச் சென்ற பேரூந்து ரம்பொடை கெரண்டிஎல்லப் பகுதியிலே பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும் அவ்வினாவே எழுந்தது. சாரதி கண்ணயர்ந்தார் என்றனர் ஒரு சாரார். பொறியில் பழுது என்றனர் மறு சாரார். உடல்கள் வீடு சேருமுன்னரே தீர்ப்புகள் வழங்கப்பட்டுவிட்டன.

மலையகத்திற்கு இவ்வாதம் புதிதன்று. 1974 டிசம்பர் 4 ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கா நோக்கி வந்த, ஒல்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்து டீ.சி.–8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. யாத்திரிகர் 182, பணியாளர் 9, எஞ்சியவர் எவருமிலர். விமான நிலையத்தை அண்மிவிட்டதாக எண்ணி அவர்கள் இறங்கினர். எதிரே மலை நின்றது. தம் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கியதே காரணம் என்றது விசாரணை. ஆனால், அத்துடன் அது நிற்கவில்லை. டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியிருந்தமையே அப்பிறழ்ச்சிக்கு இடமளித்தது என்றும் கருதியது.

டொப்ளர் கருவி கீழ்நோக்கி வானொலி அலைகளை அனுப்பி, அவை திரும்பும்போது அடையும் மாற்றத்தைக் கொண்டு வேகத்தையும் விலகலையும் கணிப்பது. கடற்பரப்போ ஓயாது அசைவது. சிறு பிழை மணிக்கணக்கிற் சேர்ந்து பெரும் பிழையாகும். ஆக, பழுதடையாத கருவியும் பொய் சொல்லக்கூடும். அவ்வாறாயின் அதை நம்பியவனைக் குற்றவாளி என்பதா, ஏமாந்தவன் என்பதா?

புசல்லாவையில் முதியவர் ஒருவர் உளர். தேயிலைத் தொழிற்சாலையொன்றின் இயந்திரப் பகுதியில் நெடுங்காலம் உழைத்தவர். மலைநாட்டின் மேல் பறப்பவன் மலை இருப்பதை அறியாமலா வருவான் என்று அயலிலுள்ள ஆசிரியர் அவ்விமானியைச் சாடியபோது அவர் சினந்தார். "செத்தவன் வந்து பதில் சொல்லவா போறான் மாஸ்டர்? உசுரோட இருந்த என் தம்பியவே பதில் சொல்ல விடலையே!" அத்தம்பி கொழுந்து அரைக்கும் ரோலரில் மூன்று விரல்களை இழந்தவர். காப்புத் தகடு கழற்றப்பட்டு மாதங்கள் கடந்திருந்தன. பதிவேட்டிலோ 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற இரு சொற்களே ஏறின. நட்டஈடும் அவ்விரு சொற்களுக்கு ஏற்பவே சுருங்கிற்று.

முதியவரின் சினம் நியாயமானதே. எனினும், இயந்திரத்தை மட்டும் கூண்டிலேற்றுவதாலும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் 2011 செப்டெம்பர் 16 ஆம் நாள் முஸ்டாங் விமானமொன்று பார்வையாளரிடையே வீழ்ந்து, விமானி உட்பட 11 பேர் மாண்டனர். விமானிக்கு 74 வயது. ஐயம் முதலில் வயதின்மீதே விழுந்தது. விசாரணையோ வாற்பகுதியிலுள்ள சிறு தகட்டின் திருகாணிகள் தளர்ந்திருந்தமையையும், அவற்றைப் பற்றியிருந்த பூட்டு நட்டுகள் தேய்ந்திருந்தமையையும் கண்டது. கண நேரத்தில் விமானி செயலிழந்துவிட்டார். ஆயின் தேய்ந்த நட்டை விட்டுவைத்தது எந்தக் கை? வேகத்தின்பொருட்டு விமானத்தை மாற்றியமைத்துவிட்டுப் போதிய சோதனையின்றிப் பறக்கவிட்டது யார்? நட்டின் பின்னாலும் மனிதனே நிற்கிறான். அவன் மட்டும் விமானி அல்லன்.

1978 நவம்பர் 15 ஆம் நாள் ஜித்தாவிலிருந்து யாத்திரிகருடன் திரும்பிய ஐஸ்லாந்து விமானமொன்று கட்டுநாயக்கா அருகே தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. இருந்தோர் 262, இறந்தோர் 183. விமானிகள் இறங்குமுறையை ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்றது இலங்கை விசாரணை. நிலையத்தின் தரையிறக்க வழிகாட்டிக் கருவியிற் குறை கண்டது ஐஸ்லாந்துத் தரப்பு. விமானிகள் ஐஸ்லாந்து நிறுவனத்தினர், கருவி இலங்கையினுடையது.