ஏக்கத்துக்கு இங்கிலீசில் என்ன சொல்வது?

கொஞ்சம் நீளமான பதிவு. தாயோ தகப்பனோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

தரம் 8 இங்கிலீஸ் பாடத்தில் உணர்ச்சிகளைச் சொல்லும் சொற்களைக் கேட்டேன். சந்தோசத்துக்கு நாலைந்து சொல் வந்தது. கவலைக்கு 'ஸேட்' மட்டும்தான். அதனால் கவலைக்குள் இருக்கும் வித்தியாசங்களைப் படிப்பித்தேன்.

'ஸேட்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'நிறைந்த, போதும் என்றான' என்றுதான் அர்த்தம். பிறகு கனமான என்றாகி, கடைசியில் கவலையாக மாறியது. 'எம்ப்டி' முதலில் வேலையில்லாமல் ஓய்வாக இருப்பதைச் சொன்னது. 'கிரீஃப்' லத்தீனில் பாரம் என்ற சொல்லின் வழியில் வந்தது. நம்ம உம்மம்மாமாரும் "மனசு பாரமா இருக்கு" என்றுதானே சொல்கிறார்கள்.

பிள்ளைகளுக்குப் புதினமாக இருந்தது 'அலோன்', 'லோன்லி' இரண்டும்தான். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அலோன். பக்கத்தில் ஆள் இருந்தும் மனசுக்கு ஆள் இல்லாவிட்டால் லோன்லி. கல்யாண வீட்டில் நூறு பேருக்கு நடுவிலும் லோன்லியாக இருக்கலாம். தமிழில் இரண்டையும் 'தனிமை' என்றே எழுதிவிடுகிறோம்.

இந்தச் சொற்களை வைத்து வசனம் எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை இரண்டே வசனம் எழுதியிருந்தது. "ஐ ஆம் நொட் அலோன். ஐ ஆம் லோன்லி."

அடையாளம் தெரியும்படி எதையும் எழுத மாட்டேன். வீட்டில் ஆறு பேர். உம்மா மட்டும் இல்லை. அடிக்கடி வயிற்றுவலி என்று வகுப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு படுக்கும் பிள்ளை.

1688 இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஓர் ஆய்வு எழுதினார். ஊரை விட்டுத் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, காய்ச்சல்கூட வரும் என்றார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அந்த நோய்க்கு 'நொஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். அவர் சொன்ன மருந்து, ஊருக்கு அனுப்பிவிடுவது.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஆய்வும் வாசிக்காமலே "இது ஏக்கக் காய்ச்சல்" என்று நெற்றியைத் தொட்டுச் சொன்னார்கள். ஒரு வித்தியாசம். அந்த மாணவரின் நோயாளிகள் ஊரை விட்டுப் போனவர்கள். நம்ம பிள்ளைகள் ஊரிலேயே, சொந்த வீட்டிலேயே இருந்து ஏங்குகிறார்கள்.

வெளிநாடு போகும் தாய்மாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கிழங்கு விலை விழுந்த போகத்தில் உரக் கடனை எப்படிக் கட்டுவது என்று வெலிமடையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தபோது 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது என்றார்கள். 2022 இல் அதை 2 வயதாகக் குறைத்தார்கள். சட்டம் வயதைப் பார்க்கலாம். ஏக்கம் வயது பார்த்து வருவதில்லை.

சொல்லத் தெரியாத பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லும், தலையிடி என்று சொல்லும், காரணமில்லாமல் தம்பிக்கு அடிக்கும். நாம் அதைச் சோம்பல், குழப்படி என்று எடுத்துக்கொள்கிறோம். அழுதால் "பொறுமை வேணும்" என்று வாயை மூடிவிடுகிறோம். மகனைப் பிரிந்து அழுது கண் வெளுத்துப்போனவர் யஃகூப் நபி. கதீஜா நாயகியும் அபூதாலிபும் மௌத்தான வருடத்துக்கு 'கவலை ஆண்டு' என்றே பெயர். அழுவது ஈமான் குறைவு என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

வீடியோ கோல் வரும்போது "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்டைக்கு எப்ப உம்மாட ஞாபகம் வந்தது?" என்று ஒருமுறை கேளுங்கள். வெளியில் இருக்கும் தாய்மாரும் கேளுங்கள். பிள்ளை அழுதால் போனை வைத்துவிடாமல் அழ விடுங்கள்.

அடிக்கடி வயிற்றுவலி வந்தால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். அவர் ஒன்றுமில்லை என்று சொன்னால் வகுப்பு ஆசிரியரோடு வந்து கதையுங்கள்.