சுழலும் மூட்டு

தோளும் மணிக்கட்டும் சுழலாவிட்டால் கையின் வலிமையால் ஆவது ஒன்றுமில்லை. இயந்திரங்களுக்கும் இவ்விதி பொருந்தும். விசை எத்துணைப் பெரிதாயினும், திரும்ப வேண்டிய இடத்தில் அது திரும்புவதற்கு ஒரு மூட்டு வேண்டும். பெருந்தேரை நினைத்த வள்ளுவர் அதன் அச்சாணியையும் நினைத்தார். நாமோ ஓடும் தேரைப் பார்க்கிறோம், அச்சாணியை மறந்துவிடுகிறோம்.

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறும் மலாக்கா நீரிணையும் சூழ அமைந்திருப்பது கேரி தீவு. மா மெரி பழங்குடி மக்களின் வாழ்விடமான அத்தீவில் இன்று கண்ணுக்கு எட்டிய வரையில் செம்பனையே நிற்கிறது. தாழ்ந்த நிலம் அது. கடல்நீர் புகாவண்ணம் கரையெழுப்பியும், மழைநீர் வடியக் கால்வாய் வெட்டியும் தோட்டங்களைக் காத்து வருகின்றனர். அங்குள்ளது கடற்களிமண். மழையில் நனைந்தால் அது வண்டியின் அடிப்பாகத்தில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். வாளி நீருக்கு அசையாது. ஆகவே, பாலம் கடந்து பெருநிலத்துக்கு வருவோர், காசு போட்டுத் தாமே வண்டியைக் கழுவிக்கொள்ளும் நிலையங்களை நாடுகின்றனர்.

அத்தகைய நிலையம் ஒன்றைப் பராமரிப்பவர், செம்பனை ஆலையில் ஃபிட்டராக உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். நீராவியோடு பழகிய கை அவருடையது. வண்டி கழுவ வருவோர் பம்பின் இரைச்சலைக் கேட்பர்; நுரையைக் காண்பர். பெரியவரின் கண்ணோ முதலில் தலைக்கு மேலேயுள்ள இரும்புக் கையின்மீது செல்லும். அந்தக் கை சுழல்வதும், அதில் தொங்கும் குழாய் வண்டியைச் சுற்றி வருவதும் சுவிவல் என்னும் சுழல் இணைப்பால்தான். பீச்சுகருவியின் பிடியருகே இன்னொன்று உண்டு.

உள்ளங்கையில் அடங்கும் பொருள் அது. உள்ளே ஒரு தண்டு, அதைத் தாங்கும் பேரிங், நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்: அவ்வளவே. ஆயினும் அது தாங்கும் சுமை பெரிது. காரின் டயரில் உள்ள காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 இராத்தல். இந்நிலையங்களின் குழாயில் ஓடும் நீரின் அழுத்தமோ 1,000 இராத்தல் அளவினது. அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே அது சுழல வேண்டும்; சுழன்றுகொண்டே சொட்டாதிருக்க வேண்டும்.

உப்புக் காற்றும் சவர்க்கார நீரும் அதன் பகைவர். பேரிங் துருவேறி இறுகினால், மூட்டு ஏற்க வேண்டிய முறுக்கைக் குழாய் ஏற்கிறது. குழாயினுள் பின்னிய எஃகுக் கம்பிகள், முனையை ஒட்டிய இடத்தில் ஒவ்வொன்றாய் அறுகின்றன. மேலுறை புடைக்கிறது. பின்னர் ஒருநாள் குழாய் வெடிக்கிறது. குழாயைப் பழிப்பவர் பலர். குற்றம் திரும்ப மறுத்த மூட்டினுடையது.

தீபாவளிக்கு முந்திய வாரம். வண்டிகள் வரிசையில் நிற்க, ஒரு தடத்தின் மூட்டில் நீர் கசிந்தது. பெரியவர் அத்தடத்தை அடைத்தார். நிலையத்தின் முதலாளி பதறினார்.

"ரெண்டு சொட்டுத்தானே ஐயா! தீபாவளி முடியட்டுமே!"

"இன்னைக்குச் சொட்டு, தம்பி. நாளைக்கு அது பிள்ளைக்காரி ஒருத்தி கையில இருக்கும்போது வெடிச்சா?"

அதற்குள் உதவிக்கு நின்ற இளைஞன் கசிவைப் பார்க்க விரலை நீட்டினான். பெரியவர் அவன் கையைத் தட்டிவிட்டார். காரணம் உண்டு. 100 இராத்தல் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்பர் மருத்துவர். ஊசிமுனை போன்ற காயத்தின் வழியே நீரும் அழுக்கும் தசைக்குள் பாய்ந்துவிடும். வெளியே ஒரு புள்ளி. உள்ளே விரலையே இழக்கச் செய்யும் கேடு. வலி இல்லையென்று வீட்டில் இராமல், உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய காயம் அது. கசிவைத் தேட விரல் கருவியன்று. ஓர் அட்டைத்துண்டே கருவி.

பெரியவர் பம்பை நிறுத்தினார், நீர்வாயை மூடினார். பின் பீச்சுகருவியின் விசையை அழுத்தி, குழாயில் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றினார். அதன் பிறகே ஸ்பேனரை எடுத்தார். பழைய வளையத்தைக் களைந்து, பள்ளத்தைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவிய புது வளையத்தை இட்டார். மூட்டை இளைஞனின் கையில் கொடுத்து, "சுத்திப் பாரு, மணல் நெருடுதா?" என்று கேட்டார். நெருடவில்லை. அரைமணி நேரத்தில் தடம் திறந்தது. இருவர் காத்திராமல் சென்றுவிட்டனர். முதலாளிக்கு அது நட்டமே.

மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994ஆம் ஆண்டினது. 2024 ஜூன் முதல் நாளன்று நடப்புக்கு வந்த திருத்தம் அதை ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கியது. நன்றே. ஆயினும் தலைக்கு மேலுள்ள மூட்டை அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் கண் சட்டத்திற்கு இல்லை. அக்கண் ஒரு மனிதனுக்கு இருக்க வேண்டும். அவன் அதை இளையவனுக்குக் கொடுத்துச் செல்ல வேண்டும். கற்பித்தல் என்பது பள்ளியின் நான்கு சுவருக்குள் மட்டும் நிகழ்வதன்று. விபத்து நிகழாத நாளுக்கு எவரும் மாலையிடுவதில்லை. ஆனால் அந்த நாளை உண்டாக்க, எங்கோ ஒருவர் கையில் கிரீஸ் படிந்திருக்கிறது.