கூப்பிட்டா உடனே வந்துடுவார்

"நல்ல எலக்ட்ரீஷியன் யாராவது இருந்தா நம்பர் குடுங்களேன்"ன்னு கேட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல நாலு நம்பர் வரும். இந்த விஷயத்துல நம்ம மக்கள் எல்லாரும் கர்ணனுங்க. அடுத்து, "அவரு நல்லவர்னு எதை வெச்சு சொல்றீங்க?"ன்னு கேளுங்க. "கூப்பிட்டா உடனே வந்துடுவார்", "காசு அதிகமா கேக்க மாட்டார்", "வேலை முடிஞ்சதும் குப்பையெல்லாம் கூட்டி வெச்சுட்டுப் போவார்". அவ்வளவுதான். சுவத்துக்குள்ள அவர் என்ன பண்ணிட்டுப் போனார்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. சொல்லவும் முடியாது. பெயின்டர் வேலை மோசம்னா சுவரே காட்டிக் குடுத்துடும். ஆசாரி வேலை மோசம்னா கதவு சாத்தாது. எலக்ட்ரீஷியன் வேலை எவ்வளவு மோசமா இருந்தாலும் லைட் எரியும், ஃபேன் சுத்தும்.

எங்க வீடு திருச்சியில. அப்பா 1995-ல கட்டினது. நான் சென்னையில பொட்டி தட்டுறவன், மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறவன். படிச்சது என்னமோ ட்ரிபிள் ஈ. அதனால சொந்தக்காரங்க வீட்ல மிக்ஸி ஓடலைன்னாக்கூட என்னைத்தான் பாப்பாங்க. நான் படிச்ச டிரான்ஸ்ஃபார்மர் ஈக்வேஷனுக்கும் அவங்க மிக்ஸிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு இன்னும் என்னால விளக்க முடியல :-)

சரி, மேட்டருக்கு வருவோம். புது வாஷிங் மெஷின் வாங்கினதுல இருந்து அம்மா போன்ல ஒரே புகார். ஈரக் கையோட தொட்டா சுர்ருனு இழுக்குதாம். முதல்ல ஒரு ஆப்ல புக் பண்ணி ஒரு பையன் வந்தான். ப்ளக்கைக் கழட்டி மாட்டினான், "மெஷின்ல கம்ப்ளெய்ன்ட்டும்மா, கம்பெனிக்காரங்களைக் கூப்பிடுங்க"ன்னுட்டுப் போயிட்டான். கம்பெனிக்காரர் வந்து, "மெஷின் நல்லாத்தான் இருக்கு, உங்க வீட்ல எர்த் இல்ல"ன்னுட்டுப் போயிட்டார். அவர் சொன்னது சரிதான். இப்ப வர்ற மெஷின்ல எல்லாம் உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கும். அதுல இருந்து கொஞ்சூண்டு கரண்ட் எர்த் வழியா மண்ணுக்குப் போகணும். எர்த் இல்லைன்னா அது மெஷின் உடம்புலயே நிக்கும், தொட்டவங்க வழியா போகும்.

அப்புறம் பக்கத்துத் தெருவுல இருந்து ஒருத்தர் வந்தார். கூப்பிட்ட பத்தாவது நிமிஷம் ஆஜர். ப்ளக் பாயின்ட்டைக் கழட்டினார், என்னமோ பண்ணினார், மூடினார். மொத்தம் கால் மணி நேரம், 300 ரூபாய். ஷாக் சுத்தமா நின்னு போச்சு! அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "தங்கமான மனுஷன்டா"ன்னு அன்னைக்கு ராத்திரியே எனக்கு போன். அதே வேகத்துல எதிர் வீட்டுக்கும் மூணாவது வீட்டுக்கும் அவர் நம்பரைக் குடுத்தாச்சு.

இது நடந்து ரெண்டு மாசம் கழிச்சு, அப்பா அம்மா ரூமுக்கு ஏசி போடலாம்னு நான் ஊருக்குப் போனேன். 1.5 டன் ஏசிக்கு மெயின் போர்டுல இருந்து தனியா 4 ஸ்கொயர் எம்எம் வயர் இழுக்கணும். அதுக்கு ஆள் வேணும். அப்பா வழக்கமா சாமான் வாங்குற எலக்ட்ரிக்கல் கடையில போய்க் கேட்டேன். "நல்ல எலக்ட்ரீஷியன் யாரு"ன்னு கேக்கல. "சிவப்பு, கறுப்பு வயரோட பச்சை வயரையும் மறக்காம வாங்குற எலக்ட்ரீஷியன் யாருண்ணே?"ன்னு கேட்டேன். பச்சை வயர்தான் எர்த். அதைப் போடலைன்னாலும் எல்லாம் ஓடும்ங்கிறதால, செலவைக் குறைக்கணும்னா முதல்ல பலி ஆவுறது அதுதான். கடைக்காரர் சிரிச்சுட்டு, ரெண்டு பேர்தான் தேறுவாங்கன்னு சொல்லி ஒரு நம்பர் குடுத்தார்.

வந்தவருக்கு அம்பது வயசு இருக்கும். கூப்பிட்டு மூணு நாள் கழிச்சுத்தான் வந்தார். (நம்ம மக்கள் கணக்குப்படி இவர் அங்கேயே ஃபெயில்.) அரசாங்கம் குடுக்குற வயர்மேன் சான்று இருக்கான்னு கேட்டேன். கோவிச்சுக்கல. பர்ஸ்ல இருந்து எடுத்துக் காட்டி, "இத்தனை வருஷத்துல இதைக் கேட்ட மூணாவது ஆளு நீங்க தம்பி"ன்னார்.

ஏசி வேலையைத் தொடவே இல்ல. "முதல்ல வீட்டுல எர்த் இருக்கான்னு பாக்கணும்"னு சொல்லி ஒவ்வொரு ப்ளக் பாயின்ட்டா கழட்ட ஆரம்பிச்சார். வாஷிங் மெஷின் பாயின்ட்டைக் கழட்டினதும் என்னைக் கூப்பிட்டார். "இதைப் பாருங்க". அரை விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு வயர் துண்டு. ஒரு முனை நியூட்ரல்ல, இன்னொரு முனை எர்த் பின்ல.

எனக்கு வயித்தைப் பிசைஞ்சிருச்சு. தெரியாதவங்களுக்காக: எர்த்தே இல்லாத இடத்துல, எர்த் பின்னை நியூட்ரலோட கோத்து விட்டுட்டா மெஷின் உடம்பு நியூட்ரலோட சேர்ந்துடும். சுர்ருங்கிறது நின்னுடும். டெஸ்டர் வெச்சாலும் எரியாது. எல்லாரும் சந்தோஷம். ஆனா என்னைக்காவது மெயின்ல நியூட்ரல் லூஸ் ஆனாலோ, காத்து மழையில போஸ்ட்ல இருந்து வர்ற நியூட்ரல் அறுந்தாலோ, போஸ்ட்ல வேலை பாக்குறவர் ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்துட்டாலோ, 230 வோல்ட்டும் நேரா மெஷின் உடம்புக்கு வந்துடும். எம்சிபி காப்பாத்தாது. 16 ஆம்பியர் எம்சிபி 16 ஆம்பியருக்கு மேல போனாத்தான் விழும். மனுஷனுக்கு அதுல ஐந்நூத்துல ஒரு பங்கு போதும். ரெண்டு மாசமா அம்மா தினமும் வெறுங்காலோட, ஈரத் தரையில நின்னு அந்த மெஷினைத்தான் தொட்டுட்டு இருந்தாங்க.

வீட்டைச் சுத்திப் பாத்ததுல, அப்பா கட்டும்போது போட்ட எர்த் பைப் காம்பவுண்ட் ஓரத்துல இருக்கத்தான் செஞ்சுது. 2012-ல சந்துல சிமென்ட் தரை போட்டவங்க கம்பியைக் கட் பண்ணி அதுக்கு மேலயே பூசிட்டுப் போயிருக்காங்க. பத்து வருஷத்துக்கு மேல எர்த் இல்லாமலே வீடு ஓடியிருக்கு.

அவர் புதுசா குழி தோண்டி, எட்டு அடி ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு மூடினார். கோடையில மண்ணு காஞ்சா எர்த் வேலை செய்யாது, அதனால அப்பப்ப ஒரு குடம் தண்ணி ஊத்தணும்னு அம்மாகிட்ட சொன்னார். போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு மாட்டினார். போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் ஒண்ணா இல்லைன்னா அது கண் சிமிட்டுற நேரத்துல மொத்தத்தையும் நிறுத்திடும்.

மாட்டினதும் என்ன ஆச்சு தெரியுமா? வீட்ல கரண்ட்டே நிக்கல. ஆன் பண்ணா விழுது, ஆன் பண்ணா விழுது. அப்பா டென்ஷன் ஆயிட்டார். "இதெல்லாம் இல்லாம முப்பது வருஷம் நல்லாத்தானே ஓடுச்சு, கழட்டிடுங்க"ன்னார். நிறைய வீட்ல இந்தக் கட்டத்துலதான் ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிட்டுப் போயிடுவாங்களாம். எங்க தொழில்ல சொல்லணும்னா, டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆகுதுன்னு டெஸ்ட் கேஸையே டெலீட் பண்றது. அதைப் பண்றவங்களையும் எனக்குத் தெரியும், ஹி ஹி.

இவர் கழட்டல. "சார், அது தப்பா விழல. எங்கேயோ தப்பு இருக்குன்னு சொல்லுது. ஒரு நாள் குடுங்க." சர்க்யூட் ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணி ஆன் பண்ணித் தேடினார். சமையலறையில அதே மாதிரி இன்னொரு கறுப்புத் துண்டு. அப்புறம் இன்வெர்ட்டர் மாட்டினவர் மாடிப்படி லைட்டுக்கு வேற லைனோட நியூட்ரலைக் குடுத்து வெச்சிருந்தார். அதைக் கண்டுபிடிக்க மட்டும் அரை நாள். நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தேன். எங்க டீம்ல இவ்வளவு பொறுமையா பக் தேடுற ஆளு இருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சேன்.

எல்லாம் முடிஞ்சதும் அவரே ஒவ்வொரு பாயின்ட்லயும் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வெச்சுக் காட்டினார். வெச்ச உடனே ஆர்சிசிபி டப்புனு விழுது. ஒவ்வொரு தடவையும் அப்பாவைப் பாக்க வெச்சார். அதுல இருக்குற டெஸ்ட் பொத்தானை அம்மா கையாலேயே அமுக்கச் சொன்னார். "மாசம் ஒரு தடவை அமுக்குங்கக்கா. விழலைன்னா எனக்கு போன் பண்ணுங்க." மூணு நாள் கூலியும் சாமானும் சேர்த்து, ஏசிக்குன்னு நான் எடுத்து வெச்சிருந்ததுல பாதி காலி.

அன்னைக்கு சாயந்தரமே அவரையும் கூட்டிக்கிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன். கிரைண்டர் பாயின்ட்டைக் கழட்டினா, அங்கேயும் அதே கறுப்புத் துண்டு. அதை எடுத்துட்டு, எர்த் போடுற வரைக்கும் கிரைண்டரைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தோம். மூணாவது வீட்டு அத்தை உள்ளேயே விடல. "அந்தத் தம்பி வந்துட்டுப் போனதுல இருந்து எங்களுக்கு ஷாக்கே அடிக்கலையேப்பா. நல்ல பையன். கூப்பிட்டா உடனே வந்துடுறான்"ன்னாங்க. அம்மாவை விட்டுச் சொல்லிப் பாத்தாச்சு, அப்பாவும் ஒரு தடவை போய்ப் பேசிட்டு வந்துட்டார். அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். அவங்க பையன் பெங்களூர்ல இருந்து வர்றானாம், அவன்கிட்ட பேசணும்.